சோழர் பெருங்கோயில்கள் மூன்று: முதல் முறை வருபவர்களுக்கு நேரம், ஆவணம், செலவுக் கணக்கு

தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. வரைபடத்தைப் பார்த்தால் முடியும் போலத்தான் தோன்றும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கி.மீ., தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து கங்கைகொண்டசோழபுரம் சுமார் 35 கி.மீ. ஆனால் இந்தப் பயணத்தில் ஆளைக் கவிழ்ப்பது தூரம் அல்ல, மதியம் நடை சாத்தும் நேரம். 12 மணி வாக்கில் சந்நிதிகள் சாத்தினால் திரும்பத் திறக்க 4 மணி ஆகும். காலையில் ஒரு கோயிலை அவசரமாக முடித்து, அடுத்ததன் வாசலில் சாத்திய கதவைப் பார்த்தபடி நான்கு மணி நேரம் உட்கார்ந்து, மூன்றாவதற்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்வதுதான் ஒரு நாள் பயணத்தின் வழக்கமான முடிவு. கீழே உள்ளதெல்லாம் இதைத் தவிர்ப்பதற்காக எழுதியது.

1. அரை நாளுக்கு ஒரு கோயில்

ஒரு காலைக்கோ ஒரு மாலைக்கோ ஒரு கோயிலுக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு இரவு தங்கினால் மூன்றும் நிதானமாக முடியும்.

முதல் நாள் மாலை 4 மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயில். இரண்டாம் நாள் காலை 6 மணிக்கு மறுபடி அதே கோயில், 10 மணிக்கு மேல் அரண்மனை, மதியச் சாப்பாடு முடித்துக் கும்பகோணம், மாலை 4 மணிக்குத் தாராசுரம். மூன்றாம் நாள் காலை 6.30-க்குக் கிளம்பிக் கங்கைகொண்டசோழபுரம், மதியத்துக்குள் கும்பகோணம் திரும்புதல்.

பெரிய கோயிலுக்கு ஏன் இரண்டு முறை என்று கேட்பீர்கள். மாலை வெளிச்சமும் காலை வெளிச்சமும் அந்த விமானத்தை இரண்டு வேறு கோயில்களாகக் காட்டும். ஒரு முறைதான் முடியும் என்றால் காலையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமும் குறைவு, கல்லும் சுடாது.

2. எந்த மாதம், எந்த நாள்

ஜனவரி, பிப்ரவரி சிறந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவில் புயல் சின்னம் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும், ரயில் நேரமும் குழம்பும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 10 மணிக்கு மேல் வெறுங்காலோடு கருங்கல் தரையில் நடப்பது பெரியவர்களுக்கே சிரமம், குழந்தைகளுக்குக் கொப்புளம் வந்துவிடும்.

தேதியை முடிவு செய்யும் முன் தமிழ் நாட்காட்டியைக் கையில் எடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. பிரதோஷ நாள்களில் மாலை 4.30-க்கு மேல் பெரிய கோயிலில் நந்திக்கு அபிஷேகம் நடக்கும். வழிபட வருகிறவர்களுக்கு அது பேறு. சிற்பம் பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறவர்களுக்கு நந்தி மண்டபத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்தியைக் காய்கறி, பழங்களால் அலங்கரிப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் அன்று நெரிசல் உண்டு என்று தெரிந்தே வாருங்கள். ஐப்பசிச் சதயத்தில் ராஜராஜன் பிறந்தநாள் விழா. ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்டசோழபுரத்தில் அந்தப் பெரிய லிங்கத்தையே சோற்றால் மூடும் அன்னாபிஷேகம் நடக்கும், சாலை வரைக்கும் கூட்டம் நிற்கும். ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாள்களில் தஞ்சாவூரில் அறை கிடைப்பது கடினம். கும்பகோணம் மகாமகம் அடுத்து வருவது 2028-இல். அந்த மாசியில் சும்மா சுற்றிப் பார்க்க மட்டும் இந்தப் பக்கம் திட்டமிட வேண்டாம்.

3. கையில் இருக்க வேண்டியவை

மூன்று கோயில்களுக்கும் நுழைவுச் சீட்டு கிடையாது, வாசலில் அடையாள அட்டையும் கேட்க மாட்டார்கள். அதனால் காகிதம் எதுவும் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலிலும் விடுதியிலும் தேவைப்படும்.

இந்தியாவுக்குள்ளிருந்து வருபவர்கள்: படம் உள்ள அடையாள அட்டையின் அசல். விடுதியில், தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அட்டை கேட்பார்கள், குடும்பத் தலைவருடையது மட்டும் போதாது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தட்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசி வகுப்புகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இணையத்தில் தட்கல் எடுக்க உங்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். இதைத் தட்கல் திறக்கும் காலையில் செய்ய உட்கார்ந்தால் ஓடிபி வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும், ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலிருந்து வருபவர்கள்: கடவுச்சீட்டு, விசா அச்சுப்படி, இரண்டின் நகல்கள் மூன்று நான்கு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு. இ-விசா எடுப்பவர்கள் இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் அமைத்துச் சேவைக் கட்டணம் என்று பல மடங்கு பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். இ-விசாவில் இறங்கக் கூடிய விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று, சென்னைக்குப் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களைத் தங்க வைக்கும் விடுதி, வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணைய வழியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்பார்கள். பதிவு வசதி வைத்துக்கொள்ளாத சிறிய லாட்ஜுகள் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்று சொல்லிவிடும், முன்பதிவு செய்திருந்தாலும்கூட. பணம் கட்டும் முன் தொலைபேசியில் “வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு சி படிவம் போடுவீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுப்பு உண்டு. அத்தை வீடுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

4. வந்து சேர்வது, தங்குவது

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் உழவன் எக்ஸ்பிரஸ் விடியலில் தஞ்சாவூரில் இறக்கிவிடும். பகலில் வர சோழன் எக்ஸ்பிரஸ், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக வருவது. பராமரிப்புப் பணிகளால் ரயில் புறப்படும் நிலையம் மாறுவது உண்டு. எழும்பூரா தாம்பரமா என்பதைக் கிளம்பும் நாளன்று ஒரு முறை பாருங்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கி.மீ.க்குள், பேருந்து அடிக்கடி உண்டு.

தஞ்சாவூரில் இரண்டு பேருந்து நிலையங்கள். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே, வெளியூர் வண்டிகள் நிற்குமிடம். பழைய பேருந்து நிலையம் ஊருக்குள், பெரிய கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கம். அறை எடுக்கும்போது “பேருந்து நிலையம் அருகில்” என்று போட்டிருந்தால் எந்த நிலையம் என்று கேட்டுவிடுங்கள். பழைய பேருந்து நிலையம், ரயில் நிலையம் இவற்றைச் சுற்றித் தங்கினால் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம், அதிகாலை ஆட்டோ தேட வேண்டியதில்லை.

முதல் இரவு தஞ்சாவூர், இரண்டாம் இரவு கும்பகோணம் என்று பிரித்துத் தங்குவது நல்லது. தஞ்சாவூரிலேயே இரண்டு இரவும் தங்கினால் மூன்றாம் நாள் காலை 70 கி.மீ. ஓட வேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடும். இந்த ஊர் லாட்ஜுகளில் சில 24 மணி நேரக் கணக்கு, சில மதியம் 12 மணிக் கணக்கு. இரவு ரயிலில் விடியற்காலை 5 மணிக்கு வந்து இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் வாடகை. முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

5. தஞ்சைப் பெரிய கோயில்

காலை 6 மணிக்குத் திறக்கும். சந்நிதி மதியம் 12.30 வாக்கில் சாத்தி மாலை 4-க்குத் திறந்து இரவு 8.30 வரை. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

செருப்பை வெளியே விட்ட பிறகு உள்ளே முழுக்கக் கல்தரைதான். விரிப்பு போட்ட பாதைகள் இருந்தாலும் எல்லா இடத்துக்கும் அவை போகாது. பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் வையுங்கள், வெயில் நேரத்தில் அருமை தெரியும். பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சோதனை உண்டு, வைக்கவும் இடம் தேடி அலைய வேண்டும். வேட்டி, புடவை கட்டாயம் இல்லை. முழங்கால், தோள் மூடிய உடை போதும்.

பார்க்கும் வரிசை: இரண்டு கோபுரங்களையும் தாண்டியதும் எல்லோரும் நேரே சந்நிதி வரிசைக்கு ஓடுவார்கள். காலை 6 மணிக்கு வந்தால் நீங்களும் அப்படியே செய்யலாம், வரிசை சிறியது. 8 மணிக்கு மேல் வந்தால் முதலில் வெளியே வலம் வாருங்கள். விமானத்தின் தெற்குப் பக்கம் தொடங்கி அதிட்டானத்தை, அதாவது அதன் அடித்தளத்தை, ஒட்டி மெதுவாக நடந்தால் கல்வெட்டு எழுத்து கண் மட்டத்திலும் அதற்குக் கீழும் வரிசையாக ஓடும். தொட வேண்டாம், கை எண்ணெய் கல்லில் ஏறும். பிறகு மதிலை ஒட்டிய திருச்சுற்று மாளிகை, அங்கே வரிசையாக லிங்கங்களும் பிற்கால ஓவியங்களும். தொல்லியல் துறையின் விளக்கக் கூடமும் அங்கேயே இருக்கிறது.

கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்களும், மேல் தளத்தில் செதுக்கிய 81 நடனக் கரணங்களும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. “நூறு ரூபாய் கொடுங்கள், காட்டுகிறேன்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படங்களை விளக்கக் கூடத்தில் பார்க்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு: கோயில் கிழக்கு நோக்கியது. வாசலிலிருந்து விமானத்தை முகப்போடு எடுக்கக் காலைதான் சரி. மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய் எல்லாம் கருநிழலாக விழும். மாலையில் மேற்குப் பக்க மதில் மூலைகளுக்குப் போங்கள், பொன்னிறம் அங்கேதான் கிடைக்கும். சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. முக்காலி, டிரோன், திருமணப் படப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும், வாசலில் கேட்டு வாங்க முடியாது.

வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு உரிம அட்டையைக் காட்டச் சொல்லி, மொழி, நேரம், கட்டணம் மூன்றையும் பேசிய பிறகு நடக்கத் தொடங்குங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று ஒருவர் ஆரம்பித்தால் ஆளை மாற்றுங்கள். நிழல் விழும், நீங்களே நின்று பார்க்கலாம். உச்சிச் சிகரமும் பல துண்டுகள் இணைத்துக் கட்டியது. ஆயிரம் ஆண்டு நிற்கும் கட்டுமானத்துக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

6. மதிய இடைவெளியில் அரண்மனை

இந்த நான்கு மணி நேரத்தை வீணாக்காத இடம் தஞ்சை அரண்மனை வளாகம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடை தூரம். கலைக்கூடத்தின் சோழர் செப்புத்திருமேனிகளுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம் காலை 10 முதல் 1 வரை, பிறகு 1.30 முதல் 5.30 வரை. புதன்கிழமை விடுமுறை. தஞ்சாவூர் நாளைப் புதனில் வைத்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு.

வளாகத்துக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட். முதல் கவுண்ட்டரில் வாங்கியது எல்லாவற்றுக்கும் செல்லும் என்று எண்ண வேண்டாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடைகளில் இலைச் சாப்பாடு 3 மணிக்கு மேல் இருக்காது.

7. தாராசுரம்

கும்பகோணம் போகும் பேருந்தில் ஏறும் முன் நடத்துனரிடம் “தாராசுரத்தில் நிற்குமா?” என்று கேளுங்கள். பாபநாசம் வழி வண்டிகள் தாராசுரத்தைத் தொட்டுத்தான் போகும், ஆனால் இடைநில்லாப் பேருந்துகள் நிற்காமல் கும்பகோணம் போய்விடும். சாமான்களோடு இருந்தால் நேரே கும்பகோணம் போய் அறையில் வைத்துவிட்டு ஆட்டோவிலோ நகரப் பேருந்திலோ திரும்புங்கள், 4 கி.மீ.தான். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

மூன்றில் அளவில் சிறியது இது. ஆனால் நேரம் அதிகம் கேட்பது இதுதான். பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்க வேண்டும், இங்கே குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் 63 நாயன்மார் கதைகள் கைச்சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. நின்றபடி நடந்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சிறிய டார்ச் இருந்தால் பக்கவாட்டில் ஒளியைப் பிடியுங்கள், தேய்ந்த சிற்பமும் தெளியும். தேர் வடிவ மண்டபத்தின் சக்கரமும் குதிரைகளும் எல்லோரும் பார்ப்பவை. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் கேட்டுப் பாருங்கள், தானாகக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

பலிபீடத்தருகே, தட்டினால் இசை எழும் கற்படிகளுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். தட்டிக் காட்டுகிறேன் என்று யாரும் வந்தால் மறுத்துவிடுங்கள். தட்டித் தட்டித்தான் வேலி போடும் நிலை வந்தது.

கோயில் தரை தெரு மட்டத்தைவிடத் தாழ்ந்தது. பெருமழைக்குப் பிறகு முன்பக்கம் தண்ணீர் நிற்கும். மழை நாளில் வந்தால் வேட்டியையோ பேண்ட்டையோ மடித்துக்கொண்டு போகத் தயாராக இருங்கள். அருகிலுள்ள தெய்வநாயகி அம்மன் கோயில் தனி வளாகம், அதையும் தவறவிட வேண்டாம்.

8. கங்கைகொண்டசோழபுரம்

முதலில் பெயரில் உள்ள பொறி. கும்பகோணத்தில் “சோழபுரம்” என்று மட்டும் சொன்னால், சென்னைச் சாலையில் திருப்பனந்தாளுக்கு முன்னால் உள்ள வேறொரு சோழபுரத்தில் இறக்கிவிடுவார்கள். முழுப் பெயரையும் சொல்லுங்கள். கூடவே “ஜெயங்கொண்டம் பக்கம், பெரிய கோயில்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அணைக்கரை, மீன்சுருட்டி வழி ஜெயங்கொண்டம் போகும் வண்டியில் ஏறி, கோயில் நிறுத்தத்தில் நிற்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கும்போதே திரும்பும் வண்டி நேரத்தைக் கேட்டு வையுங்கள். கும்பகோணத்துக்கு நேர் வண்டி தாமதமானால் ஜெயங்கொண்டம் போய் மாறுவது வழியில் காத்திருப்பதைவிட நல்லது.

இங்கே நல்ல உணவகம் எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கையில் ஏதாவது பலகாரமும் இருக்கட்டும். பெரியவர்களோடு வந்தால் காலை 8 மணிக்குள் வந்து 11-க்குள் முடிப்பதுதான் ஒரே வழி, புல்வெளிக்கு வெளியே நிழல் குறைவு.

வலமாகச் சுற்றி வடக்கு வாசல் படிக்கட்டுக்கு வாருங்கள். படிக்கட்டின் இருபுறமும் சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பமும், கலைமகள் சிற்பமும். இந்தப் பயணம் முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் அரை மணி நேரம் உட்கார முடியும் என்றால் அது இங்கேதான். வடக்குப் பக்கம் என்பதால் நேர் வெயில் படுவது குறைவு, படம் எந்த நேரத்திலும் ஒரே சீராக வரும். வளாகத்திலேயே சிங்கமுகக் கிணறு இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் சுமார் 2 கி.மீ. தள்ளியுள்ள மாளிகைமேட்டில் அரண்மனை அகழாய்வுக் குழிகளையும் பார்க்கலாம்.

9. செலவுக் கணக்கு

மூன்று கோயில்களிலும் நுழைவு இலவசம். வண்டி நிறுத்தக் கட்டணம், அரண்மனை டிக்கெட்டுகள், அர்ச்சனைச் சீட்டு இவையே ஆகும் சிறு செலவுகள். தட்டில் போடுவது உங்கள் விருப்பம், யாரும் தொகை நிர்ணயிக்க முடியாது. தஞ்சாவூர்–கும்பகோணம் அரசுப் பேருந்து 50 ரூபாய்க்குள் முடியும்.

வாடகைக் கார் எடுத்தால் நாள் வாடகை என்ற ஒற்றைத் தொகையை நம்பி ஏறாதீர்கள். ஐந்து கேள்விகள்: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ. கணக்கு, அதற்கு மேல் கி.மீ.க்கு என்ன, டிரைவர் பேட்டா எவ்வளவு, சுங்கமும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும் தூரமும் சேருமா. தஞ்சாவூரில் தொடங்கி மூன்றையும் பார்த்துத் தஞ்சாவூருக்கே திரும்பினால் ஏறக்குறைய 150 கி.மீ.தான். நாளொன்றுக்கு 250 கி.மீ. குறைந்தபட்சம் என்று கணக்குப் போடுபவரிடம் இரண்டு நாள் வண்டி எடுத்தால் ஓடாத தூரத்துக்குப் பெரும் பணம் போகும். மூன்றாம் நாள் காலை மட்டும் கும்பகோணத்திலிருந்து அரை நாள் வண்டி எடுத்து, மற்றதைப் பேருந்திலும் ரயிலிலும் முடிப்பதுதான் சிக்கனம்.

10. சிலை வாங்கினால் பில்லும் சான்றிதழும்

கும்பகோணத்தை ஒட்டிய சுவாமிமலையில் வார்த்த சிலை வாங்கி வெளிநாடு கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. புதிதாக வார்த்த சிலையும் பழையது போலவே இருப்பதால் சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். செய்தவர் அல்லது கடையின் பெயர், உயரம், எடை, தேதி எல்லாம் எழுதிய பில்லை வாங்குங்கள், துண்டுச் சீட்டு செல்லாது. கூடவே தொல்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றிதழ் தேவை. அதைப் பெற்றுத் தரும் பொறுப்பைக் கடைக்காரர் ஏற்பாரா, எத்தனை நாள் ஆகும் என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். பழமைச் சாயம் ஏற்றிய சிலை என்றால் சான்றிதழ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

சான்றிதழ் வர நாள் பிடிக்கும் என்பதால் சிலை வாங்குவதைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். கும்பகோணம் வந்த அன்றே தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுத்துவிட்டு, சான்றிதழோடு தபாலில் அனுப்பச் சொல்வது கையில் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பதைவிட மேல். கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் பில், சான்றிதழ் இரண்டையும் சிலையோடு பெட்டிக்குள் வைத்து மூடிவிடாமல், கடவுச்சீட்டோடு தோள்பையில் வையுங்கள்.